மத்தேயு சுவிசேஷத்தை எழுதியவர் யார்? ஆக்ரா விவாதம் முதல் இன்று வரை

கிணத்துக்கடவில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகு, கோவையில் கல்லூரி படிக்கும் இளைஞர் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. விசாரித்தபோது செல்போனை நீட்டினார். வகுப்பு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பகிர்ந்திருந்த ஒரு செய்தி அது. மத்தேயு சுவிசேஷத்தை மத்தேயு எழுதவே இல்லை, கி.பி. 325இல் நிசேயா மாநாட்டில் பாதிரிகள் கூடி எழுதியது அது, இதைக் கிறிஸ்தவ அறிஞர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அதில் இருந்தது.

அதே குழுவில் ஒரு கிறிஸ்தவ மாணவர் இருக்கிறார். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில் போய் வருபவர்கள். அவர் கோபப்படவில்லை. நிசேயாவுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஏட்டுத் துண்டுகளே இருக்கின்றனவே, எந்த அறிஞர் எந்த நூலில் ஒப்புக்கொண்டார், பெயர் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். நம் பிள்ளையிடம் பதில் இல்லை. இரண்டு நாளாகப் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து வருகிறாராம்.

"ஹஜ்ரத், நாம அனுப்புனது பொய்யாங்க?" என்று கேட்டார்.

பாதி உண்மை, பாதி பொய் என்றோம். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் பிரித்துச் சொல்ல அன்று இரவு நேரம் போதவில்லை. இதே செய்தி இன்னும் பல வீடுகளுக்கு வந்திருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நம் நிலைப்பாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். ஈஸா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இன்ஜீலை அருளினான் என்று திருக்குர்ஆன் கூறுகிறது (5:46). அதை ஈமான் கொள்வது நம் மீது கடமை. ஆனால் இன்று பைபிளின் புதிய ஏற்பாட்டில் முதலில் இருக்கும் நான்கு நூல்கள், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. கிறிஸ்தவர்களும் இதை இப்படித்தான் சொல்கிறார்கள். ஈஸா நபிக்கு அருளப்பட்டு அவர்கள் கையளித்துச் சென்ற வேதம் இது என்று எந்தச் சபையும் சொல்வதில்லை. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் 'அல்ஜவாபுஸ் ஸஹீஹ்' நூலில், இந்தச் சுவிசேஷங்களை நம்மிடம் உள்ள சீரா, ஹதீஸ் நூல்களின் இனத்தோடு ஒப்பிட்டே பேசுகிறார்கள். அதாவது, ஒருவரைப் பற்றி மற்றவர்கள் அறிவித்த செய்திகளின் தொகுப்பு.

அப்படியானால் எழுதியவர் யார் என்ற கேள்வி தானாகவே எழும். உனக்கு இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்பதுதான் ஹதீஸ் கலையின் முதல் பாடம். ஸனது எனும் அறிவிப்பாளர் தொடரை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே நம் முன்னோர் கருதினார்கள். மதரஸாவில் உஸூலுல் ஹதீஸ் ஓதிவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போய் வரலாற்று மூலங்களை எடைபோடும் முறையைப் படித்தபோது, இரண்டும் எவ்வளவு தூரம் ஒரே கேள்விகளைக் கேட்கின்றன என்று நாம் வியந்ததுண்டு.

நூலை எடுத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் சபையினர் பரவலாகப் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் தலைப்பு 'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்று இருக்கிறது. கத்தோலிக்கர்களின் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் 'மத்தேயு நற்செய்தி'. இரண்டுக்கும் மூலமான கிரேக்கத் தலைப்பு 'கட்டா மத்தாயோன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மத்தேயுவின்படி' என்று வரும். 'எழுதின' என்ற வினை கிரேக்கத்தில் இல்லை, தமிழில் வந்து சேர்ந்தது. மொழிபெயர்த்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 'மத்தேயுவின்படி சுவிசேஷம்' என்றால் தமிழ்க் காதுக்கு அது முழுமையாக ஒலிக்காது. ஆனாலும் எத்தனையோ தலைமுறைத் தமிழ் வாசகர்கள் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து, நூலே தன் ஆசிரியரைச் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

உண்மையில் நூலுக்குள் ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை. பவுலின் கடிதங்கள் அவர் பெயரோடு தொடங்குகின்றன. லூக்கா சுவிசேஷத்தின் முன்னுரையில் பெயர் இல்லாவிட்டாலும் 'நான் விசாரித்து எழுதுகிறேன்' என்கிற தொனியில் ஒருவர் பேசுகிறார். மத்தேயு சுவிசேஷத்தில் அதுவும் கிடையாது. வம்சவரலாற்றில் தொடங்கி, சீடர்களை அனுப்பி வைப்பதில் முடிகிறது. நடுவில் 9ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில், சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்த மத்தேயு என்ற மனிதரை ஈஸா (அலை) அழைத்ததாகச் செய்தி வருகிறது. அங்கும் யாரோ ஒரு மூன்றாம் நபரைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இக்காலத்தவர் அல்லர். 4ஆம் நூற்றாண்டில் மானி மதத்தைச் சேர்ந்த ஃபாஸ்டஸ் என்பவரே இந்த வசனத்தை எடுத்துக்காட்டி, தன்னைப் பற்றித் தானே எழுதுபவர் இப்படியா எழுதுவார் என்று கேட்டார். கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் அதற்கு, எழுத்தாளர்கள் தங்களையே படர்க்கையில் குறிப்பிடும் வழக்கம் உண்டு என்று பதில் எழுதினார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ரோமத் தளபதி ஜூலியஸ் சீசர் தம் போர்களைப் பற்றி அப்படித்தான் எழுதினார். ஆகவே நம்மவர்கள் மேடையில் பெரிதாக முழங்கும் இந்த ஆதாரம் தனியாக நின்றால் பலவீனமானது. வேறு ஆதாரங்களோடு சேர்ந்தால்தான் அதற்குப் பலம்.

சரி, மத்தேயு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி பாப்பியாஸ். இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் நகரத்தின் பிஷப். 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். ஐந்து பாகங்களில் ஒரு நூல் எழுதினார், அது தொலைந்துவிட்டது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாறு எழுதிய யூசிபியஸ் அதிலிருந்து சில வரிகளை எடுத்துத் தந்திருக்கிறார். மத்தேயு எபிரேய மொழியில் 'லோகியா'வைத் தொகுத்தார், ஒவ்வொருவரும் தம்மால் இயன்றபடி அதைப் பெயர்த்துக்கொண்டார்கள் என்பது அதன் கருத்து. லோகியா என்றால் மொழிகள், வாக்குகள் என்று பொருள் வரும். அது முழுச் சுவிசேஷமா, அல்லது பொன்மொழித் தொகுப்பு மட்டுமா? இந்த ஒரு சொல்லைச் சுற்றியே இருநூறு ஆண்டுகளாக வாதம் நடக்கிறது.

நம் முஹத்திஸ்கள் இந்தச் செய்தியை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? பாப்பியாஸ் மத்தேயுவைச் சந்தித்தாரா? இல்லை. யாரிடம் கேட்டார்? இரேனியஸ் என்ற பிஷப் அவரை யோவானிடம் நேரில் கேட்டவர் என்கிறார். யூசிபியஸ் மறுக்கிறார். பாப்பியாஸின் முன்னுரையைப் படித்தால் அவர் சீடர்களிடம் நேரடியாகக் கேட்கவில்லை, அவர்களோடு பழகியவர்களிடம்தான் கேட்டார் என்பது தெரிகிறது என்கிறார். பாப்பியாஸ் நம்பகமானவரா? யூசிபியஸே அவரை அறிவுத்திறன் மிகக் குறைந்தவர் என்று ஓரிடத்தில் விமர்சிக்கிறார். நம் மொழியில் இதற்கு ஜர்ஹ் என்று பெயர். அந்த வரிகள் நம் கைக்கு வந்த வழி? ஒரு பழைய புத்தகத்தில் கண்டெடுத்தது, அதாவது விஜாதா.

பாப்பியாஸுக்குப் பிறகு, ஏறத்தாழ கி.பி. 180இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தின் பிஷப்பாக இருந்த இரேனியஸ்தான் நான்கு சுவிசேஷங்களையும் நான்கு பெயர்களோடு சேர்த்துத் தெளிவாகச் சொல்கிறார். அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்த ஜஸ்டின், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகள் என்று பொதுவாகச் சொல்வாரே தவிர மத்தேயு பெயரில் ஒரு சுவிசேஷம் என்று சொல்வதில்லை.

இடையில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த பான்டேனஸ் என்ற அறிஞர் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குப் போனதாகவும், சீடர் பர்த்தலமேயு விட்டுச் சென்ற எபிரேய எழுத்திலான மத்தேயு சுவிசேஷத்தை அங்கே கண்டதாகவும் ஒரு செய்தியை யூசிபியஸ் பதிவு செய்கிறார். அக்காலத்து எழுத்தாளர்கள் தென் அரேபியாவையும் அபிசீனியாவையும் கூட இந்தியா என்று அழைத்ததுண்டு. அதனால் இதை நம் மலபார்க் கரை என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரதி எங்கும் கிடைக்கவும் இல்லை.

லத்தீன் பைபிளைத் தந்த ஜெரோம் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதும்போது, மத்தேயு எபிரேயத்தில் எழுதினார், அதைக் கிரேக்கத்துக்கு மாற்றியவர் யார் என்பது நிச்சயமில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதல்தான், சுமார் 1,460 ஆண்டுகள் கழித்து, ஆக்ராவில் ஒரு பெரிய விவாதத்தின் பின்னணியில் வந்து நின்றது.

மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களை நம் மதரஸா மாணவர்கள் பெயரளவில் அறிவார்கள். இன்றைய உத்தரப்பிரதேசத்தின் கைரானா ஊரில் 1818இல் பிறந்தவர். அப்போது கம்பெனி ஆட்சி. ஜெர்மானியப் பாதிரி கார்ல் ஃபாண்டர் 'மீஸானுல் ஹக்' என்ற நூலை எழுதி, வட இந்திய முஸ்லிம்களிடையே பரப்பி வந்தார். 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய இரண்டு நாட்கள் ஆக்ராவில் பொதுமக்கள் முன்னிலையில் மௌலானாவும் ஃபாண்டரும் விவாதித்தார்கள்.

மௌலானாவுக்குத் துணையாக அமர்ந்தவர் டாக்டர் முஹம்மது வஜீர் கான். ஆங்கில மருத்துவம் படித்து, லண்டன் வரை போய் வந்தவர். திரும்பும்போது பைபிளைப் பற்றி ஐரோப்பியர்களே எழுதிய ஆராய்ச்சி நூல்களைக் கொண்டுவந்திருந்தார். ஹார்ன், ஐக்ஹார்ன், ஸ்ட்ராஸ் போன்றவர்களின் எழுத்துகள். நம் ஆலிம்கள் பழைய கிதாபுகளிலிருந்து மட்டுமே பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்த பாதிரி, தம் நாட்டு அறிஞர்களின் பெயர்களே எதிர்த்தரப்பிலிருந்து வருவதைக் கேட்க நேர்ந்தது. பைபிள் பிரதிகளில் எழுத்துப் பிழைகளும் பாட வேறுபாடுகளும் இருக்கின்றன என்பதை அவர் சபையில் ஒப்புக்கொண்டார். அவற்றால் அடிப்படைக் கொள்கைகள் மாறவில்லை என்பது அவர் வாதம். மூன்றாம் நாள் விவாதம் தொடரவில்லை.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு மௌலானாவின் சொத்துகள் ஏலம் போயின. அவர்கள் மக்கா சென்று சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் நிறுவிய மதரஸா ஸவ்லதிய்யா, கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லதுன்னிஸா பேகம் என்ற பெண்மணி கொடுத்த பொருளால் எழுந்தது. உஸ்மானிய சுல்தான் அப்துல் அஸீஸ் அழைக்க, இஸ்தான்பூலில் 1864இல் 'இள்ஹாருல் ஹக்' என்ற அரபு நூலை முடித்தார்கள்.

அதில் மத்தேயுவைப் பற்றிய வாதம் சுருக்கமாக இப்படிப் போகிறது. முற்காலக் கிறிஸ்தவப் பெரியவர்கள் அனைவரும் மத்தேயு எபிரேயத்தில் எழுதினார் என்கிறார்கள். அந்த எபிரேய மூலம் தொலைந்துவிட்டது. இருப்பது கிரேக்க மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவரின் பெயரே தெரியாது என்று ஜெரோம் சொல்கிறார். பெயர் தெரியாதவர் என்றால் நம் கலையில் மஜ்ஹூல். மஜ்ஹூல் கொண்டுவந்த நூலை எப்படி இறைவேதம் என்று ஏற்பது? எதிர்த்தரப்பின் பெரியவர்களையே சாட்சிக்கு அழைத்துக் கட்டிய வாதம். அந்தக் காலத்தில் இதற்கு எளிதான பதில் இருக்கவில்லை.

இங்கேதான் நம் மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மௌலானாவின் வாதத்தை நம்மில் பலர் இன்றும் அப்படியே ஒப்பிக்கிறோம். ஆனால் அந்த வாதம் நின்ற முதல் படியை இன்றைய பைபிள் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. இப்போது நம் கையில் இருக்கும் மத்தேயு சுவிசேஷம் எபிரேயத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதே அல்ல, தொடக்கத்திலேயே கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்பது அவர்கள் முடிவு. காரணம் மாற்கு சுவிசேஷம்.

மாற்கில் 661 வசனங்கள். அவற்றில் ஏறத்தாழ 600 வசனங்களின் சாரம் மத்தேயுவிலும் வருகிறது. கருத்து மட்டும் ஒத்திருந்தால், இருவரும் ஒரே நிகழ்ச்சியைக் கண்டார்கள் என்று சொல்லிவிடலாம். கிரேக்க வாசகங்களே, சொற்றொடர் வரிசை உட்பட, பல இடங்களில் ஒத்துப்போகின்றன. இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே வாக்கியம் ஒரே வரிசையில் வந்தால் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார்? ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். யார் யாரைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி. நீண்ட காலம் மத்தேயுதான் முதலாவது என்று நினைத்தார்கள். 1838இல் வைஸ்ஸே, வில்கே என்ற இரண்டு ஜெர்மானியர்கள் மாற்குதான் முதலில் எழுதப்பட்டது என்று தனித்தனியாக வாதிட்டார்கள். 1863இல் ஹோல்ட்ஸ்மான் அதை விரித்து நிறுவினார். 1924இல் வெளிவந்த ஸ்ட்ரீட்டரின் நூல் ஆங்கில உலகில் அதை நிலைநாட்டியது. ஆக்ராவில் மௌலானா பேசிய நாட்களில் இந்தக் கருத்து ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களுக்குள்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

இதன் விளைவைப் பாருங்கள். பாப்பியாஸின் கூற்றுப்படியே மாற்கு, ஈஸா (அலை) அவர்களை நேரில் கண்டவர் அல்லர், பேதுருவிடம் கேட்டு எழுதியவர். மத்தேயுவோ நேரில் கூடவே இருந்த சீடர். கூட இருந்தவர், கூட இல்லாதவரின் நூலைப் பார்த்து எழுதுவாரா? அதிலும் தம் வாழ்வையே மாற்றிய அந்த அழைப்புச் சம்பவத்தையும் அவரிடமிருந்தே எடுப்பாரா? மாற்கில் (2:14) சுங்கச் சாவடியில் இருந்தவரின் பெயர் லேவி. லூக்காவிலும் லேவி. இந்தச் சுவிசேஷத்தில் மட்டும் அதே சம்பவம், ஏறத்தாழ அதே வாசகம், பெயர் மட்டும் மத்தேயு. இருவரும் ஒருவரே என்று கிறிஸ்தவ மரபு விளக்குகிறது. ஆய்வாளர்களுக்கு அது போதவில்லை. அத்துடன், நூலின் கடைசியில் இரண்டு இடங்களில் (27:8, 28:15) இந்நாள் வரைக்கும் என்கிற பொருளில் ஒரு சொல்லாட்சி வருகிறது. சம்பவம் நடந்து நீண்ட காலம் கழித்து எழுதுபவரின் பேச்சு அது. இப்படிப் பலவற்றையும் சேர்த்து, 80க்கும் 90க்கும் இடையில், ஒருவேளை சிரியாவின் அந்தாக்கியாவில், நல்ல கிரேக்கம் அறிந்த, யூத வேதங்களில் தேர்ந்த, பெயர் தெரியாத ஒருவர் எழுதினார் என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இதைச் சொல்பவர்கள் மதத்தை மறுப்பவர்கள் மட்டுமல்லர். கத்தோலிக்கப் பாதிரியாரும் பெரும் பைபிள் அறிஞருமான ரேமண்ட் பிரவுன், 1997இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு அறிமுக நூலில் இந்த முடிவையே சொல்கிறார். இத்தனைக்கும் 1911இல் வத்திக்கானின் பைபிள் ஆணையம், அப்போஸ்தலர் மத்தேயுவே இதை எழுதினார் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் அச்சபையின் அறிஞர்களே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். மன உறுதியில்லாமல் இதைச் செய்ய முடியாது. அதை நாம் மதிக்க வேண்டும்.

மறுதரப்பையும் சொல்லாமல் விட்டால் அமானிதம் ஆகாது. மத்தேயுவே ஆசிரியர் என்று இன்றும் வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள், ராபர்ட் குண்ட்ரியைப் போல. வில்லியம் ஃபார்மர் 1964இல் எழுதிய நூலில் மாற்கே முதலாவது என்ற கருத்தையே எதிர்த்தார். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹெங்கல் வேறொரு கோணத்தில் கேட்டார்: இந்தத் தலைப்புகள் பிற்காலத்தில் ஒட்டப்பட்டவை என்றால், ஒரு ஊர்ப் பிரதியில் ஒரு பெயரும் இன்னொரு ஊர்ப் பிரதியில் வேறு பெயரும் வந்திருக்க வேண்டாமா? தலைப்போடு கிடைத்த எல்லாப் பிரதிகளிலும் மத்தேயு என்றே இருக்கிறதே? இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. இன்னொன்று: பொய்யாக ஒரு பெயரை ஒட்டுவதானால் பேதுரு போன்ற பெரிய சீடரின் பெயரை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத மத்தேயுவின் பெயரை ஏன் ஒட்ட வேண்டும்?

கூட இருந்தவர் கூட இல்லாதவரிடமிருந்து எடுப்பாரா என்ற கேள்விக்கும் நம் கலையிலேயே ஒரு எச்சரிக்கை உண்டு. ஸஹாபி ஒருவர் தாபிஈயிடமிருந்து அறிவிப்பது அரிதாக நடந்திருக்கிறது, அதற்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. ஆகவே நடக்கவே முடியாது என்று சொல்லாதீர்கள். ஆனால் ஒரு சில செய்திகளில் நடப்பது வேறு, ஒரு முழு நூலின் முதுகெலும்பே அப்படி அமைவது வேறு. எடைபோட்டால் நம் மனமும் பெரும்பான்மை ஆய்வாளர்களின் பக்கமே சாய்கிறது.

இதற்கு நம் கலைச்சொல்லில் என்ன தீர்ப்பு? தொடர் அறுந்த செய்தி, முன்கதிஃ. எழுதியவர் மஜ்ஹூல். இந்த இடத்தில்தான் நம் பேச்சாளர்கள் ஒரு தாவு தாவிவிடுகிறார்கள். எழுதியவர் தெரியவில்லை, ஆகவே எல்லாம் இட்டுக்கட்டு என்கிறார்கள். எந்த முஹத்திஸும் அப்படிச் சொல்லமாட்டார். முன்கதிஃ என்பது பலவீனம், மவ்ளூஃ என்பது இட்டுக்கட்டு. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம். தொடர் அறுந்த செய்தியை ஆதாரமாக்கமாட்டோம், அதற்காக உள்ளே இருப்பது அனைத்தும் பொய் என்று முத்திரை குத்தவும் மாட்டோம். வேதக்காரர்கள் அறிவிப்பவற்றை உண்மை என்றும் கொள்ளாதீர்கள், பொய் என்றும் தள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. திருக்குர்ஆன் உறுதி செய்ததை ஏற்கிறோம், மறுத்ததை மறுக்கிறோம், மௌனமாக விட்டதில் நாமும் நிற்கிறோம்.

பெயர் ஒட்டிக்கொள்வது நம் நூலகங்களிலும் நடந்திருக்கிறது. 'தன்வீருல் மிக்பாஸ்' என்ற தஃப்ஸீர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பெயரில் அச்சாகி, நம் கடைகளிலும் விற்கிறது. அதன் ஸனது கல்பீ வழியாக வருவது, அதைப் பொய்யின் தொடர் என்றே இமாம்கள் பெயரிட்டார்கள். புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயரை அவர்கள் பார்க்கவில்லை, தொடரைப் பார்த்தார்கள். அதே அளவுகோலைத்தான் மத்தேயுவுக்கும் வைக்கிறோம், கூட்டியும் அல்ல, குறைத்தும் அல்ல.

அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்தேயுவைப் பற்றி ஐரோப்பியர் சொன்னதைச் செல்போனில் தேடும் நம் பிள்ளை, அடுத்த சொடுக்கிலேயே ஜோசஃப் ஷாஹ்ட் 1950இல் ஹதீஸ்களைப் பற்றி எழுதியதையும் கண்டுவிடுவான். ஐரோப்பிய ஆய்வாளர் சொன்னாலே போதும் என்று அங்கே கைதட்டியவன் இங்கே என்ன செய்வான்? ஷாஹ்டுக்கு முஸ்தஃபா அஃழமீ (ரஹ்) அவர்கள் ஆதாரத்தோடு மறுப்பு எழுதினார்கள். அப்படி ஆதாரத்தை ஆதாரமாக எடைபோடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டுமானால், பிறர் நூலைப் பற்றிப் பேசும்போதே அது தொடங்க வேண்டும்.

நம் முன்னோரிடமும் இந்த விஷயத்தில் ஒரே குரல் இருந்ததில்லை. குர்துபாவின் இமாம் இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 456இல் மறைந்தவர்) 'அல்ஃபிஸல்' நூலில் சுவிசேஷங்களைக் கடுமையாக விமர்சித்தவர். ஆனால் முதல் சுவிசேஷத்தை மத்தேயு எபிரேயத்தில் எழுதினார் என்ற தகவலை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் முரண்பாடுகளைத்தான் எடுத்துக்காட்டினார். அவருக்குக் கிடைத்த தகவல் அது. கைரானவி (ரஹ்) அவர்களுக்கு அதைவிட அதிகம் கிடைத்தது, பயன்படுத்தினார்கள். நமக்கு இன்னும் அதிகம் கிடைத்திருக்கிறது. மௌலானா தாம் எடுத்தாண்ட நூல்களை நூலின் முன்னுரையிலேயே பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாதவர் அனுப்பிய செய்தியைப் பெயர் தெரியாமலே அனுப்புகிற நாம் அவர்கள் வாரிசுகள் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

வாட்ஸ்அப் செய்தியில் இருந்த நிசேயா கதைக்கு வருவோம். 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அந்த மாநாடு, ஈஸா (அலை) அவர்களின் தன்மை பற்றிய ஆரியஸின் சர்ச்சையை முடிப்பதற்காகக் கூடியது. எந்தச் சுவிசேஷங்கள் வேண்டும் என்று அங்கே முடிவெடுக்கப்படவில்லை, எழுதப்படவும் இல்லை. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த, பாப்பிரஸ் 104 என்று எண்ணிட்ட மத்தேயு துண்டை 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று கணிக்கிறார்கள். அந்தக் கிறிஸ்தவ மாணவர் சொன்னது சரி, நம் பிள்ளை அனுப்பியது தவறு.

பர்னபா சுவிசேஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நபி (ஸல்) அவர்களின் பெயரே இருக்கிறது என்பதால் நம்மவர்களுக்கு அதில் ஒரு மயக்கம் உண்டு. வியன்னாவில் உள்ள இத்தாலிய மொழிப் பிரதியும், ஒரு ஸ்பானியப் பிரதியும்தான் அதற்கு ஆதாரம். ராக் தம்பதியர் 1907இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள், மறு ஆண்டே அரபியில் வந்தது. யூபிலி ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று அதில் வருகிறது. தவ்ராத்தின் கணக்கு ஐம்பது. நூறு என்பது 1300இல் போப் எட்டாம் பானிஃபேஸ் அறிவித்த கணக்கு. கடலே இல்லாத நாசரேத்துக்குக் கப்பலில் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மஸீஹ் என்ற பட்டத்தை ஈஸா (அலை) அவர்களுக்கு மறுத்து முஹம்மது (ஸல்) அவர்களுக்குத் தருகிறது. திருக்குர்ஆன் ஈஸா (அலை) அவர்களையே மஸீஹ் என்கிறது (3:45). குர்ஆனுக்கே மாறான நூலைக் கையில் வைத்துக்கொண்டு மத்தேயுவின் ஸனதைக் கேட்கப் போனால் சிரிப்பார்கள். அதை விநியோகிக்கும் சகோதரர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

அந்த இளைஞரோடு மறுநாள் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு பதில் எழுதினோம். நிசேயா பற்றி அனுப்பியது தவறு, அதற்கு மன்னிப்பு. மத்தேயுதான் எழுதினார் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை என்பது மட்டும் உண்மை. ஒரு நூலின் பெயராவது சொல்ல வேண்டுமென்றால், ரேமண்ட் பிரவுனின் நூலைப் பார்க்கலாம். மூன்றே வாக்கியங்கள். மன்னிப்பு என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினார். வேதக்காரர்களோடு அழகிய முறையிலேயே தர்க்கம் செய்ய வேண்டும் என்ற 29:46ஆம் வசனத்தை நினைவுபடுத்தினோம். பிறகு அனுப்பினார்.

அடுத்த ஜும்ஆவுக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. இருவரும் மறுபடி ஒரே சீட்டில் வருகிறார்களாம். அந்த மாணவர் தம் சபைப் போதகரிடம் கேட்டிருக்கிறார். சபையின் பாரம்பரியமே நமக்குப் போதும் என்று அவர் சொன்னாராம். மாணவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் நம் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: "ஈஸாவுக்குக் கொடுத்த இன்ஜீல்னு சொல்றீங்களே, அது இப்ப எங்க இருக்கு?"

"நல்ல கேள்விதானுங்களே ஹஜ்ரத்?" என்றார்.

நல்ல கேள்விதான். நம் முஃபஸ்ஸிர்களிடமே அதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ் அதைத் தனியாக எழுதுவோம்.